அந்த இரண்டு பேப்பர் பெட்டிகள்: ஓஎம்ஆர் அலுவலக நிர்வாகப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகப் பிரிவினருக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால், என் மேசைமேல் இருந்த இரண்டு ஏ4 பேப்பர் பெட்டிகளைக் காணோம். இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. 'தீப் பாதுகாப்பு விதிப்படி அகற்றப்பட்டது.' கையெழுத்து, தேதி எல்லாம் ஒழுங்காக இருந்தன. எனக்கு அதில் கோபம் இல்லை, பேப்பர் எரியும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெட்டிகள் அங்கே எதற்கு இருந்தன என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைச் சொல்லி, உயரத்தை ஏற்றி இறக்கக்கூடிய மேசை கேட்கத்தான் இந்த மடல். என் நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. சென்னை ஓஎம்ஆர் சாலையில் மத்திய கைலாஷ் தாண்டி சிறுசேரி வரை எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அதே மேசை, அதே உயரம்தான். அதனால் உங்கள் எல்லோருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன்.

பெட்டிக் கதை இதுதான். ஒரு பெட்டியின் மேல் கீபோர்டும் மவுஸும். பக்கத்துப் பெட்டியின் மேல் நாலைந்து பழைய ஃபைல்கள், அதற்கு மேல் லேப்டாப். பிரிக்காத பெட்டிகளாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆடும். மேசை 74 சென்டிமீட்டர், பெட்டி ஏறக்குறைய 25. கூட்டினால் 99. நான் 152 சென்டிமீட்டர் உயரம். செருப்போடு நின்றால் என் முழங்கை கிட்டத்தட்ட அங்கேதான் வந்து நிற்கிறது. கீபோர்டு பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மவுஸ் இரண்டு நாளைக்கு ஒருமுறை கீழே விழும். ஆனாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம், மாலை நாலரைக்கு அரை மணி நேரம் என்று ஏழு வாரம் நின்று வேலை பார்த்தேன்.

ஏன் நின்றேன்? பதினேழு வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறேன். போன வருடம் குனிந்து ஒரு பக்கெட்டைத் தூக்கப் போய் நிமிர முடியவில்லை. ஸ்கேனில் இடுப்புப் பக்க முதுகெலும்பில் எல்4, எல்5 நடுவே டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று வந்தது. பிசியோதெரபிஸ்ட் சின்னப் பையன். பக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஆபீஸ்ல எவ்வளவு நேரத்துக்கு ஒருதரம் எழுந்திருப்பீங்க மேடம்?" என்றான். "சாப்பாட்டுக்கு" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

அவன் சொல்லித்தான் நிற்க ஆரம்பித்தேன். நின்ற முதல் நாளே மூன்று பேர் வந்து "என்ன, யாரையாவது தேடறீங்களா?" என்று கேட்டார்கள். தடுப்புக்கு மேலே ஒரு தலை தெரிந்தால் நம் அலுவலகங்களில் அதற்கு இரண்டே அர்த்தம்: ஒன்று, கேக் வெட்டப் போகிறார்கள், இல்லையென்றால் சிஸ்டம் விழுந்துவிட்டது. இத்தனைக்கும் தினமும் காலை பத்து மணிக்கு 'ஸ்டாண்ட்-அப்' என்று ஒரு கூட்டம் நடத்துகிறோம். நின்றபடி பேசினால் சீக்கிரம் முடியும் என்று வைத்த பெயர் அது. பத்து வருடமாக எல்லோரும் உட்கார்ந்தபடியேதான் ஸ்டாண்ட்-அப் செய்கிறோம், முக்கால் மணி நேரம்.

சரி, வீட்டுக்காவது ஒரு ஏறி இறங்கும் மேசை வாங்கலாம் என்று விலை பார்த்தேன். மோட்டார் வைத்தது இருபதாயிரம் ரூபாயை ஒட்டித் தொடங்கியது. அம்மாவிடம் சொன்னேன். என் அம்மா தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பதினோரு வருடம் சேலைப் பிரிவில் வேலை பார்த்தவர். காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பது வரை நிற்க வேண்டும். கூட்டமே இல்லாத ஆடி மாதத்துக்கு முந்தைய மதிய வேளைகளிலும் உட்காரக் கூடாது. அலமாரியில் சாய்ந்தால் திட்டு. இரண்டு காலிலும் முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகப் புடைத்திருக்கும். சின்ன வயதில் அதில் விரல் வைத்து ஆறு, வாய்க்கால் என்று விளையாடியிருக்கிறேன். அந்த அம்மா கேட்டார்: "நிக்கிறதுக்கு இருபதாயிரமா? என்கிட்ட கேட்டிருந்தா சும்மாவே நிக்கக் கத்துக் குடுத்திருப்பேனே."

அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உட்கார்ந்து கெட்ட இடுப்போடு நானும், நின்று கெட்ட காலோடு அவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். டெஸ்டிங் புத்தி, ஒன்றை நம்பும் முன் உடைத்துப் பார்க்கச் சொல்லும்.

உட்கார்ந்த வேலையும் இதயமும் பற்றிப் பேசும்போது எல்லோரும் தொடங்கும் இடம் லண்டன் பேருந்து. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953-ல் லான்செட் மருத்துவ இதழில் தன் குழுவோடு எழுதிய கட்டுரை. இரட்டை மாடிப் பேருந்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் டிரைவர்களைவிட, டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு இதயநோய் குறைவாக வந்தது. ஒரே கம்பெனி, ஒரே பேருந்து, வேலை மட்டும்தான் வேறு. (நம் எம்டிசி கண்டக்டர் தன் சீட்டில் உட்கார்ந்தபடியே, காசையும் டிக்கெட்டையும் பயணிகள் கையில் கைமாற்றி அனுப்பியே வேலையை முடித்துவிடுவார். மாரிஸ் சென்னைக்கு வந்திருந்தால் ஆய்வு அன்றே படுத்திருக்கும்.) எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த கட்டுரை. 1956-ல் அதே குழு டிரைவர், கண்டக்டர்களின் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தது. டிரைவர்களின் இடுப்புச் சுற்றளவு கூடுதலாக இருந்தது, வேலைக்குச் சேர்ந்த இளம் வயதிலேயே கூட. அதாவது எல்லாப் பழியையும் இருக்கையின் தலையில் போட முடியாது. தன் முடிவுக்கு எதிராகப் போகக்கூடிய சாட்சியைத் தானே தேடிப் போய் அச்சில் ஏற்றியிருக்கிறார் அந்த மனிதர்.

அதில் இன்னொன்றையும் கவனியுங்கள். கண்டக்டர் நின்றதால் தப்பிக்கவில்லை. படி ஏறியதால் தப்பித்தார். நிற்கும் மேசை விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

உடம்பு இளைக்கும் என்று ஒரு விளம்பரம் பார்த்திருப்பீர்கள். 2018-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 46 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. உட்கார்வதற்குப் பதில் நின்றால் நிமிடத்துக்கு 0.15 கலோரி கூடுதலாகச் செலவாகிறது. 65 கிலோ எடையுள்ள ஒருவர் ஆறு மணி நேரம் நின்றால் 54 கலோரி. நம் கணக்கில் ஒரு இட்லி, சட்னி கூடச் சேராது. ஆறு மணி நேரம் கால் கடுக்க நின்று ஒரு இட்லியைக் கரைப்பதற்கு அந்த இட்லியைச் சாப்பிடாமலே இருந்துவிடலாம்.

இளைக்காவிட்டால் போகட்டும், இதயத்துக்காவது நல்லதா? 2024-ல் சிட்னி பல்கலைக்கழகத்தினர் பிரிட்டனில் 83,013 பேர் மணிக்கட்டில் கருவி கட்டிச் சேகரித்த தரவை ஆராய்ந்தார்கள். அதிக நேரம் நின்றவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. மாறாக, ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்க நிற்க, நரம்புச் சுருட்டல், காலில் ரத்தக் கட்டு மாதிரியான கோளாறுகள் கூடின. கனடாவின் ஒன்டாரியோவில் ஏழாயிரத்துச் சொச்சம் தொழிலாளர்களைப் பன்னிரண்டு வருடம் தொடர்ந்த ஆய்வு இன்னும் கடுமையானது: பெரும்பாலும் நின்றே செய்யும் வேலையில் இருந்தவர்களுக்கு, உட்கார்ந்து செய்பவர்களைவிட இதயநோய் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. காரணம் புரியாதது அல்ல. காலில் இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை. நடந்தால் அது சுருங்கி விரியும். அசையாமல் நின்றால் ரத்தம் கீழேயே தேங்கும். அம்மாவின் காலில் நான் விளையாடிய வாய்க்கால்கள் அப்படி வந்தவைதான்.

இதையெல்லாம் படித்துவிட்டும் ஏன் மேசை கேட்கிறாய் என்பீர்கள். நான் கேட்பது நிற்கும் மேசை அல்ல என்பதால்தான். ஏறி இறங்கும் மேசை. உட்கார்ந்தது போதும் என்று இடுப்பு சொன்னால் நிற்கவும், நின்றது போதும் என்று குதிகால் சொன்னால் உட்காரவும். முதல் வாரம் வீராப்பில் மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் நின்றேன். இடுப்பு வலி போய்க் குதிகால் வலி வந்தது. அரை மணி நேரமாகக் குறைத்த பிறகுதான் இரண்டும் அடங்கின. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஹெட்ஜ், அரை மணி நேரத்தில் 20 நிமிடம் உட்கார், 8 நிமிடம் நில், 2 நிமிடம் நட என்று ஒரு கணக்குச் சொல்வார். கடிகாரம் பார்த்துச் செய்ய என்னால் முடியாது. ஆனால் அந்த 2 நிமிடத்தை மட்டும் விடுவதில்லை.

இதைவிடப் பெரிய விஷயம் உயரம். இதை நீங்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். மேசை வாங்கும் தாளில் கையெழுத்துப் போடுபவர்கள் நீங்கள்.

நான் உட்கார்ந்தால் தரையிலிருந்து என் முழங்கை 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. உங்கள் மேசை 74. அரைச் சாணுக்கு மேல் வித்தியாசம். கையை அதன்மேல் வைக்க வேண்டுமென்றால் தோளைத் தூக்க வேண்டும், நாள் முழுக்க. அல்லது நாற்காலியை ஏற்ற வேண்டும். ஏற்றினால் கால் தரையில் படாது, நாற்காலியின் விளிம்பு தொடைக்கு அடியில் அழுத்தும், மாலையில் கால் வீங்கும். எங்கள் பகுதியில் பெண்கள் பாதிப் பேருக்கு மேசைக்கு அடியில் ஏதாவது ஒன்று இருக்கிறது: கவிழ்த்த டப்பா, பழைய சிபியூ, ஒருத்தி வீட்டிலிருந்து கொண்டுவந்த மணைப்பலகை. செருப்பைக் கழற்றிவிட்டு அதில் காலை வைத்துக்கொள்கிறோம். நாற்காலிக்கு மேல் காலை மடக்கிச் சம்மணம் போட்டு உட்காருபவர்களைப் பார்த்து ஒழுக்கம் இல்லை என்று ஒருமுறை சுற்றறிக்கை வந்தது. அந்தக் கால்களுக்குத் தரை எட்டவில்லை ஐயா.

அதே மேசையில் 178 சென்டிமீட்டர் உள்ள என் சக ஊழியர் உட்கார்ந்தால் கழுத்தைத் தொங்கப் போடுகிறார். சில நாள் வீடு, சில நாள் அலுவலகம் என்ற ஹைப்ரிட் முறை வந்ததிலிருந்து இருக்கை யாருக்கும் சொந்தமில்லை. இன்று அவர் பதிவு செய்த இடம் நாளை எனக்கு. ஒரு காலத்தில் மேசைக்கு அடியில் மணைப்பலகையாவது நிரந்தரமாக இருந்தது. இப்போது அதுவும் லாக்கருக்குப் போய்விட்டது. ஆளுக்கு ஆள் இருக்கை மாறுகிற இடத்தில் உயரம் மாறாத மேசையை வைப்பது, ஒரே சைஸ் செருப்பை எல்லோருக்கும் கொடுப்பது மாதிரி.

அதனால் வாங்கும்போது எவ்வளவு உயரம் ஏறும் என்று மட்டும் பார்க்காதீர்கள், எவ்வளவு இறங்கும் என்றும் பாருங்கள். பல மேசைகள் 70 சென்டிமீட்டருக்குக் கீழே வருவதில்லை. ஆறடி ஆள் உட்கார்வதற்கு அது போதும், ஐந்தடிப் பெண் உட்கார்வதற்குப் போதாது. 60-ஐ ஒட்டி இறங்கும் மேசைகளும் கிடைக்கின்றன, விலை கொஞ்சம் கூடும். வயர்களையும் நீளமாக விடச் சொல்லுங்கள். தோழி ஒருத்தி வீட்டில் பொத்தானை அழுத்தியதும் மேசை மேலே போனது, மானிட்டர் வயர் கீழேயே இருந்தது. மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். சட்டினிச் சட்டியைத் தாங்கிப் பிடிப்பதுபோல் பிடித்தாளாம்.

எல்லோருக்கும் வாங்கு என்று கேட்கவில்லை. பகுதிக்கு நாலு போதும், பதிவு செய்துகொள்கிறோம். புதிய தளம் அமைக்கும்போது அல்லது பழைய மேசை மாற்றும்போது மட்டும் யோசியுங்கள். டென்மார்க், சுவீடன் அலுவலகங்களில் இது சலுகையே இல்லை, சாதாரண மேசை என்றாலே அதுதான். வாங்கிப் போட்டால் ஒரு மாதத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். நியாயமான சந்தேகம்தான். பிரிட்டனில் உள்ளாட்சி அலுவலகங்களில் 756 பேரிடம் இதைச் சோதித்து 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்குப் பயிற்சியும் நினைவூட்டலும் மட்டும், இன்னொரு குழுவுக்கு அவற்றோடு ஏறி இறங்கும் மேசையும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, எதுவும் பெறாதவர்களைவிட முதல் குழு நாளுக்கு 22 நிமிடம் குறைவாக உட்கார்ந்தது. மேசையும் பெற்ற குழு 64 நிமிடம் குறைவாக. ஆகவே மேசை உதவுகிறது, கூடவே ஒருவர் அக்கறையாகச் சொல்லிக்கொடுத்தால்.

பணமே செலவாகாத ஒன்றும் இருக்கிறது. ஐந்து நிமிடம் கீபோர்டைத் தொடாவிட்டால் 'செயலற்ற நேரம்' என்று குறித்துக்கொள்ளும் அந்த மென்பொருளை என்ன செய்யலாம் என்று பாருங்கள். கீழே இறங்கி ரோட்டைத் தாண்டி டீ குடித்துவிட்டு வருவது எங்கள் தலைமுறையின் ஒரே உடற்பயிற்சியாக இருந்தது. இப்போது டீ மிஷின் இருபதடியில், அதற்கும் எழுந்து போனால் சிவப்புக் கோடு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவை வைத்து 2016-ல் லான்செட்டில் வந்த ஆய்வு ஒன்று, நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருபவர்களுக்குக் கூடும் இறப்பு ஆபத்து, தினமும் 60 முதல் 75 நிமிடம் வேகமாக நடப்பது மாதிரியான உழைப்பு இருந்தால் ஏறக்குறைய நீங்கிவிடுகிறது என்றது. இரண்டு மணி நேரம் கம்பெனி வண்டியில் உட்கார்ந்து வருபவர்களுக்கு அந்த 75 நிமிடம் எங்கே இருக்கிறது? டீக்கடை வழியில் ஒரு பத்து நிமிடம் இருந்தது.

கடைசியாக வேறு ஒருவருக்காக ஒரு விண்ணப்பம். 1948-ன் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, நின்று வேலை செய்ய வேண்டியவர்களுக்கு உட்கார இடவசதி இருக்க வேண்டும் என்று 44-ஆம் பிரிவு இருந்தது. கடைகளுக்கு அது வர எழுபது வருடம் ஆனது. கோழிக்கோட்டில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் போராடி, 2018-ல் கேரளம் சட்டம் திருத்தியது. 2021-ல் தமிழ்நாடு தன் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ பிரிவைச் சேர்த்தது. அம்மா அந்தச் செய்தியை டிவியில் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, ஸ்டூலை இழுத்துக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவர் வேலையை விட்டு அப்போது இருபது வருடம் ஆகியிருந்தது.

நம் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனுக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி வைத்திருந்தார். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வந்த வாரத்தில் பார்க்க நன்றாக இல்லை என்று அதை எடுத்துவிட்டார்கள். அவர்கள் போய்விட்டார்கள், நாற்காலி திரும்பி வரவில்லை. ஒப்பந்தத் தொழிலாளியான அவர் சட்டத்தின் எந்த வரியில் வருவார் என்று வாதாட நான் வக்கீல் இல்லை. எனக்கு ஏறி இறங்கும் மேசை கேட்டு மனு எழுதும் போது, தினமும் அவரைத் தாண்டித்தான் உள்ளே வருகிறேன், அவ்வளவுதான்.

போன வியாழக்கிழமை பழைய மானிட்டர் ஒன்றை ஒப்படைக்க பேஸ்மென்ட் ஸ்டோர் ரூமுக்குப் போயிருந்தேன். என் பெட்டிகள் இரண்டும் அங்கேதான் இருக்கின்றன. தரை ஈரம் படக் கூடாது என்று யாரோ கவனமாக அந்தச் சிவப்பு நாற்காலியின் மேல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பெட்டிகளை இறக்கிவிட்டு முதலில் நாற்காலியை மேலே அனுப்புங்கள். என் மேசை அடுத்த பட்ஜெட்டில் வந்தால் போதும்.

இப்படிக்கு,
இரண்டாம் தளம், ஜன்னலோர வரிசையில் தலை தெரிந்தவள்